பெல்ட் புதியது, சத்தம் பழையது: எந்தப் புல்லியைச் சந்தேகிப்பது?

2024 ஜூன் 8, காலை. கேள்வி, சர்ஜாபூர் ரோட்டிலிருந்து

என்னுடையது நான்கு சிலிண்டர், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். பத்து வயதைத் தாண்டிவிட்டது. சில வாரங்களாகக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சின் பக்கவாட்டிலிருந்து கீச்சென்ற சத்தம் வருகிறது. சற்று நேரத்தில் அது அடங்கிவிடும். பிறகு ஏசி ஓடும்போது சிக்னலில் நின்றால் கரகரவென்று வேறொரு சத்தம் கேட்கிறது. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் அதுவும் மறைந்துவிடுகிறது. ஆல்டர்னேட்டரையும் ஏசி கம்ப்ரெசரையும் சுழற்றும் பெல்ட்டை மாற்றினேன். கொஞ்ச நாள் அமைதியாக இருந்துவிட்டுப் பழையபடி தொடங்கிவிட்டது. புதிய பெல்ட்டின் ஒரு ஓரத்தில் நூல் பிரிந்திருப்பதையும் பார்த்தேன். ஒரு பணிமனையில் பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். இன்னொன்றில் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதற்கு வழிகாட்டும் சிறு புல்லியான ஐட்லர் மூன்றும் சேர்ந்த கிட் போடச் சொல்கிறார்கள். இப்போது சந்தையில் வரும் பெல்ட்டுகளே தரமற்றவை என்பதுதான் என் முடிவு. பீன்யா சார் என்ன நினைக்கிறீர்கள்?

ஜூன் 8, இரவு

பெல்ட் தரமற்றது என்ற முடிவுக்கு நீங்கள் விரைவில் வந்துவிட்டீர்கள். பெல்ட் என்பது பெரும்பாலும் சாட்சிதான், குற்றவாளி அல்ல. பீன்யா தொழிற்பேட்டையில் இயந்திரப் பராமரிப்பில் பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெல்ட்டை மாற்றிச் சத்தம் சில நாள் மட்டும் நின்றால், பெல்ட்டைக் கெடுக்கும் ஏதோ ஒன்று அதே இடத்தில் இருக்கிறது என்று பொருள்.

உங்கள் விவரிப்பில் இரண்டு வெவ்வேறு சத்தங்கள் இருக்கின்றன. அவற்றைக் கலக்க வேண்டாம். ஸ்டார்ட் செய்தவுடன் வரும் கீச்சொலிக்கு ஈரமும் சுமையும் சேர்ந்தே காரணமாகின்றன. ஸ்டார்ட் செய்வதில் இறங்கிய பேட்டரிக்கு மின்னேற்ற வேண்டியிருப்பதால் ஆல்டர்னேட்டரின் சுமை அந்த நேரத்தில்தான் அதிகம். ஜூன் மாத பெங்களூருவில் காலை ஈரத்துக்கும் குறைவில்லை. கரகரவென்பது அப்படியல்ல. ஐட்லிங்கில் வந்து, வேகம் சற்று ஏறியதும் மறையும் சத்தம் பேரிங்கிலிருந்தும் வரலாம், எங்கோ இரும்பும் இரும்பும் மெல்ல மோதுவதாலும் வரலாம்.

முதலில் செலவில்லாத சோதனை. எஞ்சின் ஐட்லிங்கில் கீச்சிடும்போது, பெல்ட்டின் வரிவரியான உட்பக்கத்தில் செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரால் சிறிது தண்ணீர் பீய்ச்சுங்கள். சத்தம் உடனே கூடினால் பெல்ட் வழுக்குகிறது, அதாவது இழுவிசை போதவில்லை. சில நொடிகள் நின்றுவிட்டு மீண்டும் வந்தால், பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. எந்த மாற்றமும் இல்லாவிட்டால் பேரிங்குகளை நோக்கித் திரும்ப வேண்டும். இது தீர்ப்பு அல்ல, திசைகாட்டி மட்டுமே. கை, சட்டை, மணிக்கட்டுக் கயிறு எதுவும் பெல்ட்டின் அருகில் போகக் கூடாது.

ஜூன் 9

ஓரத்தில் நூல் பிரிந்ததைப் பற்றி நேற்று எழுத விட்டுப்போயிற்று. உண்மையில் உங்கள் கேள்வியில் அதிக மதிப்புள்ள செய்தி அதுதான். பெல்ட் தரமற்றதாக இருந்தால் வரிகள் முழு அகலத்துக்கும் கெடும். ஒரு ஓரம் மட்டும் பிரிகிறது என்றால், ஏதோ ஒரு புல்லி பெல்ட்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஆறு வரி பெல்ட்டில் ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் உள்ள தொலைவு 3.56 மில்லிமீட்டர், ஓர் அடி இடைவெளியில் இரண்டு புல்லிகள் ஒன்றரை மில்லிமீட்டர் விலகி நின்றாலே கீச்சொலிக்கு அது போதுமானது.

மற்றொன்று. பெல்ட்டில் விரிசல் இல்லை, ஆகவே நன்றாக இருக்கிறது என்ற கணக்கு பழைய நியோபிரீன் பெல்ட்டுகளுக்கு உரியது. இப்போது வருபவை பெரும்பாலும் இ.பி.டி.எம். ரப்பர், அவை விரிசல் விடாமலேயே வரிகளுக்கு இடையில் தேய்ந்து, புல்லியின் பள்ளத்தில் ஆழமாக உட்கார்ந்துவிடும். கண்ணால் பார்த்து இதைச் சொல்வது கடினம். அதற்கென விற்கும் சிறிய பிளாஸ்டிக் அளவியை வரியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சோப்புக்கட்டியைப் பெல்ட்டில் தேய்க்கச் சொல்லி ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். தேய்க்கலாம், சத்தம் நிற்கும், வாசனையும் வரும். பழுதுக்குத் திரை போடுவதற்கு அதைவிட மலிவான வழி கிடையாது. ஸ்பிரேயாக விற்கும் பெல்ட் டிரெஸ்ஸிங்கும் இதே வகைதான், கூடுதலாகத் தூசியையும் ஒட்டவைக்கும்.

ஜூன் 11

தண்ணீர் சோதனையில் சத்தம் சில நொடி நின்று திரும்பி வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கரகரப்பில் மாற்றமில்லை என்றும் சொல்கிறீர்கள். ஆக, புல்லிகள் நேர்கோட்டில் இல்லாத கோட்டம் ஒன்று, பேரிங் ஒன்று என இரண்டு பழுதுகள் இருக்கக்கூடும் என்பதே இப்போதைய என் ஊகம். இனிப் பெல்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

கழற்றும் முன் பெல்ட் ஓடும் பாதையை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் புல்லியில் வரிப்பக்கம் படுகிறது, எதில் முதுகுப்பக்கம் படுகிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும், ஏனெனில் திரும்பப் போடும்போது பக்கம் மாறிவிட்டால் எஞ்சினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப் எதிர்த்திசையில் சுற்றும், எஞ்சின் சூடேறிய பிறகுதான் அது உங்களுக்குத் தெரியவரும். சில சிறிய கார்களில் டென்ஷனரே இல்லாத இழுபடும் பெல்ட் இருக்கும். அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும், புதியதைப் போடத் தனிக் கருவி வேண்டும். உங்கள் வண்டியில் ஸ்பிரிங் டென்ஷனர் இருப்பதால் ஸ்பேனரால் அதன் கையைத் திருப்பினால் பெல்ட் தளர்ந்துவிடும்.

பெல்ட் இல்லாமல் எஞ்சினைச் சில நொடிகள் மட்டும் ஓடவிடுங்கள். பேட்டரி விளக்கு எரியும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பல பெட்ரோல் எஞ்சின்களில் வாட்டர் பம்பும் இதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது என்பதால் நீண்ட நேரம் ஓட்டக் கூடாது. சத்தம் முற்றிலும் மறைந்தால் பழுது பெல்ட் சுற்றும் பாகங்களில் இருக்கிறது. மறையாவிட்டால் டைமிங் செயின், எக்ஸாஸ்ட் தகடு என்று தேடல் வேறு பக்கம் போகும்.

அடுத்து, எஞ்சினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். பம்பரம்போல் நெடுநேரம் சுற்றினால் நல்ல பேரிங் என்று எண்ணிவிட வேண்டாம். உண்மை அதற்கு நேரெதிரானது. உள்ளே கிரீஸ் இருக்கும் பேரிங் சற்றே கனமாக, ஓசையின்றிச் சுழன்று, ஓரிரு சுற்றில் நின்றுவிடும். கிரீஸ் வற்றியதுதான் சீழ்க்கைபோன்ற உலோக ஓசையுடன் தங்குதடையின்றிச் சுழலும். பிறகு புல்லியின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். விரலுக்கு ஆட்டம் தெரிந்தால் அதை மாற்றிவிட வேண்டியதுதான். ஏசி கம்ப்ரெசரில் ஒரு நுணுக்கம் உண்டு: ஏசி போடாதபோது வெளிப்புல்லி மட்டுமே சுழல்கிறது, கிளட்ச் பிடித்தால்தான் நடுத்தட்டும் சேர்ந்து சுழலும். எனவே ஏசி இயங்கும்போது மட்டும் வரும் சத்தத்தைக் கம்ப்ரெசரின் தலையிலேயே கட்டிவிடக் கூடாது. கம்ப்ரெசர் கொடுக்கும் சுமையால் மற்ற புல்லிகளின் மேல் கூடும் இழுவையும் அந்தச் சத்தத்தை வெளிக்கொணரலாம்.

ஜூன் 11, சற்றுப் பின்

நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை ஓடும் எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் முறையை ஏன் சொல்லவில்லை என்று ஒருவர் கேட்கிறார். நானே அப்படித்தான் கற்றேன். பீன்யாவில் தரையில் போல்ட் அடித்து நிறுத்திய மோட்டாரில் அது எளிது. கார் எஞ்சின் பக்கவாட்டில், ஒரு சாண் இடைவெளியில் பெல்ட் பறந்துகொண்டிருக்கும் இடத்தில் அதைச் செய்வதற்குப் பழகிய கை வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் காதுக்கும் கழுத்துக்கும் நல்லது.

ஜூன் 15

உங்கள் சோதனையில் ஐட்லர்தான் என்று உறுதியாகிவிட்டது: கையால் சுற்றியபோது சீழ்க்கை, அசைத்தபோது ஆட்டம். டென்ஷனர் புல்லி நன்றாக இருக்கிறது. ஆல்டர்னேட்டர் ஓசையின்றிச் சுழல்கிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 14 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. ஆல்டர்னேட்டரை மாற்றச் சொன்ன பணிமனைக்கு இந்த அளவை மட்டும் அனுப்பினால் போதும், வாதம் தேவையில்லை.

ஐட்லர் ஏன் முதலில் போகிறது என்பதற்குக் கணக்கு எளிது. எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்டில் இருந்து பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லியின் விட்டம் 135 மில்லிமீட்டர், ஐட்லரின் விட்டம் 65 என்று வைத்துக்கொண்டால், ஐட்லர் இரண்டு மடங்குக்கும் சற்றுக் கூடுதலான வேகத்தில் சுழலும். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் எஞ்சின் 3000 சுற்றில் போகும்போது அந்தச் சிறு புல்லி 6000-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, அதுவும் எஞ்சினின் சூட்டுக்கு நடுவில்.

முழுப் புல்லியாக மாற்றுவதா, பேரிங்கை மட்டும் மாற்றுவதா என்பது அடுத்த கேள்வி. பல ஐட்லர்களில் 6203 என்ற பொதுவான பேரிங்தான் இருக்கிறது: உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிமன் 12 மில்லிமீட்டர். உங்களுடையதில் பேரிங்கின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்தே வாங்குங்கள். இரும்புப் புல்லியாக இருந்து, பேரிங் அழுத்திப் பொருத்தப்பட்டிருந்தால், அதை வெளியேற்றிப் புதியதைப் பதிக்கலாம். அப்படிச் செய்யும்போது வெளி வளையத்தின் மேல்தான் அழுத்தம் விழ வேண்டும். உள் வளையத்தில் சுத்தியலால் அடித்தால் புதிய பேரிங்கின் குண்டுகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்து, முதல் நாளே அது பழையதாகிவிடும். எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருக்கட்டும், உள்ளே இடைவெளி சற்றுக் கூடுதல் என்பதற்கான குறி அது. சூடான இடத்தில் உள் வளையம் விரிவடைய அந்தக் கூடுதல் இடைவெளி தேவைப்படுகிறது. பிளாஸ்டிக் புல்லியில் பேரிங்கைச் சுற்றியே வார்த்திருப்பார்கள். அதில் கைவைக்காமல் முழுதாக மாற்றுவதே சரி.

என் சொந்த விருப்பம், பேரிங்கை மட்டும் மாற்றுவது. எஸ்.ஜே.பி. ரோட்டில் பேரிங் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முழுப் புல்லி வேண்டுமென்றால் ஜே.சி. ரோடு. இரண்டிலும் பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம், ஏனெனில் போலி பேரிங்குக்கும் அழகான பெட்டி அச்சடிக்க முடியும். பொறிப்பு மங்கலாக இருக்கிறதா, பெட்டியிலுள்ள எண்ணும் பேரிங்கிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். எஸ்.கே.எஃப். நிறுவனம் போலிகளைச் சரிபார்ப்பதற்கென்றே ஒரு செயலி வைத்திருக்கிறது.

ஜூன் 16

ஊசியால் பேரிங்கின் ரப்பர் மூடியைத் துளைத்துக் கிரீஸ் ஏற்றலாமா என்று அல்சூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மூடியை நெம்பி எடுத்து, கழுவி, கிரீஸ் வைத்து மூடுபவர்களும் இருக்கிறார்கள். ஊர் போய்ச் சேர்வதற்கு அது உதவும். ஆனால் சீழ்க்கை அடிக்கும் அளவுக்கு வற்றிய பேரிங்கில் குண்டுகளும் தடமும் ஏற்கெனவே சிராய்த்திருக்கும், கிரீஸ் அதை ஆற்றாது. எந்த கிரீஸ் என்பதும் முக்கியம்: சக்கரத்துக்கு வைக்கும் சாதாரண கிரீஸை இந்த வேகத்தில் சுழலும் சிறு பேரிங்கில் நிறைய அடைத்தால், அது உள்ளே கடைந்து சூடேறி வெளியே வழியும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோட்டிலும் பெல்லந்தூர் பக்கத்திலும் வெள்ளம் நின்றபோது என் காரும் சக்கரத்தின் பாதி உயரத் தண்ணீரில் போக வேண்டியதாயிற்று. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எல்லோரும் வாழ்த்தினார்கள். சில மாதங்களில் கீழே இருக்கும் ஐட்லர் ஓலமிடத் தொடங்கியது. சூடாகச் சுழலும் பேரிங் திடீரென்று குளிர்ந்த நீரில் அமிழ்ந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூடியின் உதட்டு வழியாக நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதன் பிறகு துருவின் வேலை. சர்வீஸ் சென்டரில் எஞ்சின் பக்கம் உயர் அழுத்தத்தில் தண்ணீர் அடித்துப் பளபளப்பாக்குவதும் இதற்குச் சளைத்ததல்ல.

ஜூன் 22

ஐட்லரில் பேரிங் மாற்றிய பின் சீழ்க்கை ஓசை போய்விட்டது, காலைக் கீச்சொலியும் ஐட்லிங் கரகரப்பும் பாக்கி நிற்கின்றன என்ற செய்தி எனக்கு ஏமாற்றமாக இல்லை. தண்ணீர் சோதனை கோட்டத்தைக் காட்டியதையும், ஓரத்து நூலையும் ஐட்லரின் ஆட்டம் முழுதாக விளக்கவில்லை. அந்த ஆட்டம் சிறியது. மிச்சமிருப்பது யாரும் குனிந்து பார்க்காத கிராங்க் புல்லி.

அது பார்ப்பதற்கு ஒரே இரும்புத் துண்டாகத் தெரிந்தாலும் பல எஞ்சின்களில் இரண்டு பகுதிகளால் ஆனது. நடுவில் கிராங்க் ஷாஃப்டோடு போல்ட் போட்டு இறுக்கிய ஹப்; வெளியில் பெல்ட் ஓடும் கனமான வளையம்; இரண்டுக்கும் இடையில் ஒரு ரப்பர்ப் பட்டை. அந்த ரப்பர் அழகுக்காக இல்லை. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிதல் நிகழ்கிறது. 800 சுற்று ஐட்லிங்கில் நொடிக்கு ஏறக்குறைய 27 தள்ளல்கள். ஒவ்வொரு தள்ளலிலும் கிராங்க் ஷாஃப்ட் நுண்ணிய அளவில் முறுக்கிக்கொண்டு விடுபடுகிறது. இந்த முறுக்கு அதிர்வு ஷாஃப்டின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும் வேகங்களில் பெருகிவிடும் என்பதால், ரப்பரில் மிதக்கும் அந்தக் கன வளையம் எதிர்ப்பக்கம் இழுத்து அதை விழுங்குகிறது. ரப்பர் வயதாலும் சூட்டாலும் இறுகினாலோ, எண்ணெய் பட்டு ஊறினாலோ ஒட்டு விடுகிறது. அதன் பிறகு வெளிவளையம் ஹப்பின் மேல் வழுக்கும், தள்ளாடும், சில நேரம் எஞ்சின் பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ நகரும். பெல்ட் ஓரம் பிரிவதற்கும், சுமை ஏறும்போது கீச்சிடுவதற்கும், ஐட்லிங்கில் கரகரப்பதற்கும் இந்த ஒரே காரணம் போதுமானது.

சோதனை மிக எளிது. எஞ்சினை அணைத்த நிலையில், ஹப், ரப்பர், வெளிவளையம் மூன்றின் குறுக்கே வெள்ளைப் பெயின்டால் ஒரே நேர்கோடு போடுங்கள். ஏசியும் விளக்குகளும் போட்டு ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாக முறிந்து, வெளித்துண்டு வேறிடத்தில் நின்றால் வேறு சாட்சி வேண்டாம். எஞ்சின் ஓடும்போது பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து, ஹப் நேராகச் சுழல வெளிவளையம் மட்டும் தள்ளாடுகிறதா என்றும் பாருங்கள்.

சில சிறிய எஞ்சின்களில் ரப்பரே இல்லாத திட இரும்புப் புல்லியும் உண்டு. அதில் இந்தப் பழுது வராது. மாறாக, வரிகளின் முகடுகள் தேய்ந்து கத்திபோல் கூராகும், பெல்ட் பள்ளத்தின் அடியில் போய் உட்காரும்.

ஜூன் 23

வெளித்துண்டு ஏறக்குறைய கால்வட்டம் நகர்ந்துவிட்டது என்ற படத்தைப் பார்த்தேன். ரப்பர் ஓரிடத்தில் பிதுங்கி வெளியே தெரிகிறது. அதற்குப் பின்னால், கீழ்ப்பக்கத்தில், தூசியோடு சேர்ந்த எண்ணெய்க் கறையும் தெரிகிறது. அதை நீங்கள் குறிப்பிடவில்லை, ஆனால் எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் கிராங்க் முன்பக்க ஆயில் சீல் கசிகிறது. ரப்பர் கெட்டதற்கான காரணம் அதுவாகவே இருக்கலாம். புல்லியை மட்டும் மாற்றிச் சீலை விட்டுவிட்டால், புதிய ரப்பருக்கும் அதே எண்ணெய்க் குளியல்தான்.

இந்த வேலையை வீட்டு வாசலில் செய்யலாமா என்பதற்கு என் பதில்: ஐட்லரைச் செய்தவர் இதையும் செய்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். கிராங்க் போல்ட் சாதாரண போல்ட் அல்ல. பல எஞ்சின்களில் அது 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் குறிப்பிட்ட அளவு இறுக்கிய பின் மேலும் 90 பாகை திருப்பச் சொல்லியிருப்பார்கள், அத்தகைய போல்ட் இழுபட்டு நீண்டுவிடும் என்பதால் ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. அதைவிட ஆபத்தான செய்தி ஒன்று உண்டு. சில எஞ்சின்களில், வால்வுகளின் நேரத்தைக் கட்டுப்படுத்தும் டைமிங் பல்சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சாவிக்கட்டையே (கீ) கிடையாது. அந்த ஒரு போல்ட்டின் அழுத்தம்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. பூட்டும் கருவிகள் போடாமல் போல்ட்டைத் தளர்த்தினால் டைமிங் கலைந்து, வால்வும் பிஸ்டனும் சந்தித்துக்கொள்ளும். உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவலில் இதைப் பார்த்த பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும்.

சாவிக்கட்டை உள்ள எஞ்சினாக இருந்தால் வரிசை இதுதான். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு மேல் வண்டியை நிறுத்தி, புல்லி இருக்கும் பக்கத்து முன்சக்கரத்தையும் உட்பக்கப் பிளாஸ்டிக் மறைப்பையும் கழற்ற வேண்டும். கிராங்க் சுழலாமலிருக்க, புல்லியின் ஹப்பைப் பிடிக்கும் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மேனுவல் கியர் வண்டியில் உயர்ந்த கியர் போட்டு ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்கலாம். ஸ்பேனரைத் தரையில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டிப் போல்ட்டைக் கழற்றும் வித்தை சில ஷெட்டுகளில் நடக்கிறது. அதைக் கண்டால் உங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். புல்லியை இழுக்கும்போது புல்லர் என்ற இழுப்புக் கருவியை ஹப்பிலுள்ள மரை போட்ட ஓட்டைகளில் மாட்ட வேண்டும். வெளிவளையத்தின் விளிம்பில் கொக்கி போட்டு இழுத்தால், நல்ல புல்லியாக இருந்தாலும் ரப்பர் அங்கேயே பிரிந்துவிடும்.

ஜூன் 23, இரவு

சிவாஜிநகர் குஜ்ரியில் (பழைய பொருள் சந்தையில்) கழற்றிய புல்லி பாதி விலைக்குக் கிடைக்கும் என்று எழுதியவருக்கு: கதவு, கண்ணாடி, வைப்பர் மோட்டார் எதையும் அங்கே வாங்குவேன். ரப்பர் சேர்ந்த பாகத்தை வாங்கமாட்டேன். கழற்றிய புல்லியின் ரப்பருக்கும் உங்கள் ரப்பரின் வயதுதான் இருக்கும்.

ஜூன் 30

வேலை முடிந்துவிட்டது. வில்சன் கார்டனில் தர்மபுரிக்காரர் ஒருவரின் ஷெட்டில் நடந்தது, நானும் போய் உட்கார்ந்திருந்தேன். இந்த எஞ்சினில் சாவிக்கட்டை உண்டு என்பதை முதலிலேயே மேனுவலில் உறுதிசெய்துகொண்டோம். பழைய புல்லி கையில் வந்ததும் வெளிவளையத்தை விரலாலேயே திருப்ப முடிந்தது.

ஹப் உருளையில் சீலின் உதடு உரசும் இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தேன். மெல்லிய பள்ளம் தட்டுப்பட்டது. புதிய புல்லியோடு புதிய ஹப்பும் வருவதால் இங்கே அது பிரச்சினையாகவில்லை. ஹப்பைத் திரும்பப் பயன்படுத்தும் எஞ்சின்களில், பள்ளத்தின் மேல் புதிய சீலைப் போட்டால் கசிவு தொடரும். சீலைச் சற்று உள்ளேயோ வெளியேயோ உட்காரவைத்து உதடு புதிய இடத்தில் படும்படி செய்யலாம், அல்லது மெல்லிய உலோக உறை ஏற்றலாம். சீலின் உதட்டில் எண்ணெய் தடவாமல் உலர்ந்தபடி ஹப்பை ஏற்றக் கூடாது. ஷெட்காரர் நான் சொல்வதற்கு முன்பே தடவிவிட்டார். அப்போதே எனக்குப் பாதி நிம்மதி. போல்ட்டைக் கழற்ற இம்பாக்ட் கன்னைப் பயன்படுத்தினாலும், இறுக்குவதற்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சைத்தான் எடுத்தார். மீதி நிம்மதி அதில்.

ஓரம் பிரிந்த பெல்ட்டையும் மாற்றிவிட்டார்கள். அது சில வாரங்களே ஓடியது என்று வண்டிக்காரருக்கு மனமில்லை. நூல் அறுந்த பெல்ட் எந்த வேகத்தில் அவிழும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அவிழ்ந்த நூல் கிராங்க் புல்லிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு சீலுக்குள்ளும் போகும், சில எஞ்சின்களில் டைமிங் மூடிக்குள்ளும் போகும்.

ஜூலை 13

டீசல் கார் வைத்திருக்கும் வாசகருக்கு. எஞ்சினை அணைக்கும்போது ஓரிரு நொடி "ஸ்ர்ர்" என்று ஒரு சத்தம், ஐட்லிங்கில் பெல்ட் துள்ளுகிறது, டென்ஷனர் கை படபடக்கிறது என்கிறீர்கள். முதலில் டென்ஷனரைத்தான் எல்லோரும் மாற்றுவார்கள். அதற்கு முன் ஆல்டர்னேட்டர் புல்லியைப் பாருங்கள். பல டீசல் வண்டிகளில் அது ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ஃப்ரீவீல் புல்லி. டீசலின் எரிதல் முரட்டுத்தனமானது. கிராங்க் ஒவ்வொரு தள்ளலுக்கும் இடையில் மெதுவாகும்போது, ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் கனமான ரோட்டர் பெல்ட்டை எதிர்த்து இழுக்காமல் தன் வேகத்தில் ஓட அந்தப் புல்லி இடம்கொடுக்கிறது. உள்ளே ஸ்பிரிங்கும் சேர்ந்த வகையும் இருக்கிறது. லிட்டென்ஸ் என்ற கனடா நிறுவனம் அதைப் பரவலாக்கியது.

முன்பக்கப் பிளாஸ்டிக் மூடியை எடுத்துவிட்டு, ரோட்டரைப் பிடித்துக்கொண்டு புல்லியைச் சுற்றுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் உடனே பிடிக்க வேண்டும். இரண்டு திசையிலும் பிடித்தால் இறுகிவிட்டது, அதனால்தான் டென்ஷனர் அடிவாங்குகிறது. இரண்டிலும் வழுக்கினால் ஆல்டர்னேட்டர் சுழலாது, பேட்டரி விளக்கே அதைச் சொல்லிவிடும். பலவற்றைக் கழற்ற 33 பல் கொண்ட தனி சாக்கெட் வேண்டும். சாதாரண ஸ்பேனரால் முயன்று புல்லியின் வாயைக் கெடுத்துக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

விலை குறைவு என்று ஃப்ரீவீல் இருக்க வேண்டிய இடத்தில் திடப் புல்லியைப் போட்டுத் தருகிறார்கள். அது பொருந்தும், வண்டியும் ஓடும். ஆனால் அடுத்த டென்ஷனரின் ஆயுளிலிருந்துதான் அந்தச் சேமிப்பு கழிக்கப்படுகிறது.

ஆகஸ்ட் 4

செக் எஞ்சின் விளக்கும் கிராங்க் புல்லியும் தொடர்புடையவையா என்ற கேள்விக்கு, சில வண்டிகளில் ஆம். கிராங்க் நிலையை அளக்கும் சென்ஸாருக்கான பல்வளையத்தை வெளிவளையத்திலேயே அமைத்திருக்கும் எஞ்சின்களில், வளையம் வழுக்கினால் சென்ஸார் பொய் சொல்லும். கிராங்க் சென்ஸார் பழுதைச் சொல்லும் பி0335 வரிசைக் குறியீடுகளும், எரிதல் தவறும் மிஸ்ஃபயரும் வரும். சென்ஸாரை மாற்றியும் குறியீடு திரும்பினால், பெயின்ட் கோட்டுச் சோதனையைச் செய்துவிட்டு மேற்கொண்டு செலவு செய்யுங்கள். பல்வளையம் ஹப்பிலோ ஃப்ளைவீல் பக்கமோ இருந்தால் இந்த வழி பொருந்தாது.

கிட் போடுவதா, ஒவ்வொன்றாக மாற்றுவதா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். நீண்ட தூரம் ஓடும் வாடகை வண்டிக்குக் கிட் நியாயமானது. ஓசூரைத் தாண்டிக் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் பெல்ட் அறுந்து நிற்பதைவிட ஐட்லரையும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றிவிடுவது மலிவு. சொந்த வண்டியில், பெல்ட் கையில் கழன்று வந்திருக்கும் அந்த நேரத்தில் ஒவ்வொரு புல்லியையும் சுற்றிப் பார்த்துக் கெட்டதை மட்டும் மாற்றுவேன். ஒன்று மட்டும் கவனம்: கடைகளில் விற்கும் கிட்டுகளில் பெரும்பாலும் கிராங்க் புல்லி இருக்காது, அதைத் தனியாகத்தான் கேட்டு வாங்க வேண்டும்.